தரப் பந்துக்கு ஒரு துளி எண்ணெய்

"உண்மைக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதும்மா?" என்று ஒருமுறை அவளிடம் ஒருவர் கேட்டார்.

கேட்டவர் துறவியும் இல்லை, தத்துவப் பேராசிரியரும் இல்லை. மெய்த்தோற்றத் தரச்சான்று ஆணையத்தின் முகப்பு எழுத்தர். அவர் முன்னால் கிடந்த படிவத்தில் நான்காவது கேள்வி அது. மூன்றாவது கேள்வி வீட்டு விலாசம்.

அவள் கணினிப் படங்களுக்கு வெளிச்சமும் நிழலும் ஏற்றுகிற வேலை செய்பவள். தெருவில் அவளை நிழல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நம் தொழிலைப் பற்றித்தானே கேட்கிறார் என்ற தைரியத்தில், "ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கத்துல இருந்து சார்" என்றாள்.

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். பின்னால் கோப்பு தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஊசியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல் தடவையா வர்றே?"

"ஆமா சார்."

"அதானே பார்த்தேன். இடது பக்கம், மேலே, நாற்பத்தஞ்சு டிகிரி. எழுதிக்க. ஜன்னல் கின்னல்னு வெளியில சொல்லிட்டுத் திரியாதே. பார்த்தா நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருக்கே."

அவள் எழுதிக்கொண்டாள்.

ஆணையத்தை நிறுவியவரின் மேசை விளக்கு அந்தப் பக்கம்தான் இருந்ததாம். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் அவர் விதிப்புத்தகத்தை எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, மேசையில் இருந்த எல்லாப் பொருளும் இடது மேல்புறத்திலிருந்தே வெளிச்சம் வாங்குவது அவர் கண்ணில் பட்டது. அதையும் ஒரு விதியாக எழுதிவிட்டார். பிற்பாடு கட்டடத்தின் ஜன்னல்கள் அத்தனைக்கும் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். சூரியன் காலையில் ஒரு பக்கமும் மாலையில் இன்னொரு பக்கமுமாக நிலையில்லாமல் நடந்துகொள்வதால் அலுவலகப் பணிக்கு ஏற்றதல்ல என்று சொல்லும் சுற்றறிக்கை ஒன்று முகப்பில் தொங்கியது. தாழ்வாரத்தில் விளக்குகள் ஒரே பக்கச் சுவரில்தான் இருந்தன. போகும்போது ஊழியர்களுக்கு இடப்புறம் வெளிச்சம் விழும், அது சரி. திரும்பி வரும்போது வலப்புறம் விழுந்துவிடுமே? அதனால் திரும்பும்போது அவர்கள் பின்புறமாகவே நடந்து வந்தார்கள். கையில் காப்பிக் கோப்பையோடு, கோப்புக் கட்டோடு, எதிரும் புதிருமாக வணக்கம் சொல்லிக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி. அதில் நடைக்கு மட்டும் நாலு மாதம்.

நிழல்காரிக்கு இங்கே வந்து நிற்கும் தலையெழுத்து அவள் அக்காவால் வந்தது.

அக்கா செவிலி. பிரசவ வார்டில் ஒன்பது வருஷம். புதிதாகச் சேரும் செவிலிகளுக்குப் பாடம் எடுப்பதும் அவள்தான். பிறந்து நாலைந்து நாளான குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சாதாரணம். நேரத்தோடு கண்டுபிடித்து, ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் படுக்கப் போட்டால் சரியாகிவிடும். கண்டுபிடிக்காமல் விட்டால்தான் வினை. போன வருஷம் ஒரு புதுச் செவிலி ஒரு குழந்தையைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மூன்று நாள் கழித்துக் குழந்தை திரும்பி வந்தது. உயிர் தங்கியது. காது போய்விட்டது.

"அவளைத் திட்டி என்னடி பிரயோஜனம்? அவ படிச்ச படம் அந்த லட்சணம்" என்றாள் அக்கா. "பாடத்துல இருக்கற குழந்தை எண்ணெய்ச் சட்டியில இருந்து எடுத்துப் போட்ட மாதிரி மின்னுது. அந்த மினுக்குல மஞ்சள் எங்கே தெரியும்? நீதான் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்னமோ பண்றியே, எனக்கு ஒரு குழந்தை பண்ணிக் குடு. பொய் சொல்லாத குழந்தையா."

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள் இவள். அந்த அவ்வளவுக்கு எட்டு மாதம் ஆனது.

கணினியில் ஒரு குழந்தையின் உருவத்தைச் செய்வது பெரிய காரியம் இல்லை. அதன் மேல் வெளிச்சம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வதில்தான் பிராணன் போகும். சுவரென்றால் பட்ட வெளிச்சத்தைப் பட்ட இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். தோல் அப்படி இல்லை. வெளிச்சம் தோலுக்குள் நுழைந்து, உள்ளே கொஞ்சம் சுற்றித் திரிந்து, ரத்தத்தின் சிவப்பை ஒட்டிக்கொண்டு வேறொரு இடத்தில் வெளியே வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் அந்தக் கணக்கைப் போட்டாள். காதுக்குப் பின்னால் விளக்கிருந்தால் மடல் சிவந்து தெரிய வேண்டும். மூக்கை விரலால் அழுத்தினால் சிவப்பு விலகி, அடியில் மஞ்சள் இருந்தால் அது தெரிய வேண்டும். விரலை எடுத்ததும் ரத்தம் திரும்ப ஓடிவர வேண்டும். செவிலிகள் நிஜக் குழந்தையை அப்படித்தான் சோதிப்பார்கள். நாலாவது மாதம் வரை அவள் குழந்தை மெழுகு பொம்மையாக இருந்தது. ஆறாவது மாதம் வேகவைத்த உருளைக்கிழங்காக இருந்தது. எட்டாவது மாதம் ஒரு நாள் அக்கா திரையில் அதன் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதை உடனே விளக்குல போடணும்டி" என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். வேலை அன்றைக்கு முடிந்தது.

வேலைதான் முடிந்தது. படத்தைப் பாடத்தில் வைக்க ஆணையத்தின் முத்திரை வேண்டும். 'இது உண்மையைப் போலவே உள்ளது' என்று பொறித்த, உள்ளங்கை அகல முத்திரை. அது இல்லாமல் கணினியில் செய்த எந்தப் படத்தையும் எந்தத் திரையிலும் காட்டக் கூடாது என்பது சட்டம். புதுச் செவிலிகளுக்கு வகுப்பு இருபது நாளில் தொடங்குகிறது. முத்திரை கிடைத்தால் இவள் குழந்தை. இல்லாவிட்டால் பழைய எண்ணெய்க் குழந்தையைப் பார்த்துப் படித்துவிட்டு இன்னும் அறுபது பேர் வார்டுக்குள் நுழைவார்கள்.

நாலாம் நாள் அவளைப் பளபளப்பு அலுவலர் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர். நெற்றியிலிருந்து தாடை வரை எண்ணெய் தடவியிருந்தார். ஆணையத்தில் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் பேனாவோடு ஒரு எண்ணெய்க் கிண்ணமும் வைத்திருந்தார்கள். அலுவலரின் அறை நடுவில் கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்குள் கைக்கு அடங்கும் அளவில் ஒரு சாம்பல் நிறப் பந்து. அதுதான் தரப் பந்து. உலகத்தில் எது எவ்வளவு மின்ன வேண்டும் என்பதற்கு அதுதான் அளவுகோல். அலுவலர் படத்தைப் பந்தின் பக்கத்தில் சாய்த்து வைத்து, மினுக்கைப் புள்ளியில் காட்டும் ஒரு மீட்டர்க் குழாயை ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"குழந்தை மங்கலா இருக்கு."

"குழந்தை அப்படித்தான் சார் இருக்கும்."

"பந்தைவிட நாற்பது புள்ளி கம்மி."

"அது பந்து சார். இது குழந்தை."

"அப்படின்னு நீ சொல்றே. மீட்டர் சொல்லலையே." அவர் குழாயை அடுத்த கண்ணுக்கு மாற்றினார். "காது எதுக்குச் சிவந்திருக்கு?"

"பின்னால விளக்கு இருந்தா சிவக்கும் சார்."

"விளக்கு எங்கே இருக்கும்?"

"இடது பக்கம், மேலே, நாற்பத்தஞ்சு டிகிரி."

"தெரிஞ்சே பண்ணியிருக்கே."

சுவர் முழுக்க முத்திரை பெற்ற படங்கள் மாட்டியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொட்டி மின்னியது. யானை மின்னியது. பாலைவனம் கழுவித் துடைத்த தட்டுபோல மின்னியது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தொழிலாளிகள், கரி உட்பட, மின்னினார்கள். வருஷக் கணக்காக இதையே பார்த்துப் பழகிய ஜனங்கள் மின்னாத எதையும் இப்போது நம்புவதில்லை. கடைக்காரர்கள் தக்காளிக்கும் செங்கல்லுக்கும் எண்ணெய் தடவி வைத்தார்கள். போட்டோக் கடையில் முகத்துக்கு எண்ணெய் தடவாமல் படம் எடுத்துக்கொண்டவர்களின் அடையாள அட்டை, 'நபர் நம்பும்படி இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

நிழல்காரியின் குழந்தையும் திரும்பி வந்தது. காரணம்: உயிர்ப்பு போதாது.

அக்கா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்பு வரும்.

"ஏய், ஒரு காரியம் பண்ணு. என்னோட போட்டோவைக் கொண்டுபோய்க் குடு. கம்ப்யூட்டர்ல பண்ணினதுன்னு சொல்லு. நிஜ மனுஷிக்கு என்ன மார்க் போடறானுங்கன்னு பார்ப்போம்."

"பொய் சொல்லணுமாக்கா?"

"அவங்க சொல்றதைவிடக் கொஞ்சமாத்தான் சொல்லு."

போட்டோ மூன்றே நாளில் திரும்பியது. குறிப்பு நீளமாக இருந்தது. 'கணினியில் செய்தது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. தோலில் உயிர் இல்லை. கண்ணுக்கடியில் காரணமில்லாமல் கருமை பூசப்பட்டிருக்கிறது. மூக்கு மனித மூக்கு என்று ஏற்கும்படி இல்லை. செய்தவர் முதலில் ஒரு மனிதரையாவது உற்றுப் பார்த்துப் பழகவும்.'

"கண்ணுக்கடியில காரணமில்லாமலா? எட்டு நைட் டூட்டிடா பாவிகளா!" என்று அக்கா காகிதத்திடம் கத்தினாள். பிறகு போய்க் கண்ணாடியின் முன்னால் நின்றாள். "மூக்கு நிஜமாவே அவ்வளவு மோசமாடி?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

"நீ சொல்லாதே. நீ என் தங்கச்சி."

வகுப்புக்குப் பதினோரு நாள் இருந்தது. மறுபடி விண்ணப்பிக்க நிழல்காரி விடிந்ததுமே ஆணையத்துக்குப் போய் வரிசையில் முதலாவதாக நின்றாள். கதவைத் திறந்துவிட்டவர் பந்துக் காவலர். வயதான, சாதுவான மனிதர். ஆணையத்தில் அவர் ஒருவர்தான் அவளை உட்காரச் சொன்னவர். பளபளப்பு அலுவலரின் அறை திறந்தே இருந்தது. காவலர் உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பதும், பந்தை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வதும், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுப்பதும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஒரு துளி விட்டார். பிறகு பழந்துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார்.

அவள் எழுந்து வாசற்படிக்கே போய்விட்டாள். "அண்ணா, என்ன பண்றீங்க?"

"தினம் பண்றதுதாம்மா. இது வந்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? காஞ்ச சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளிறிப்போய், கொஞ்சம்கூட மினுக்கே இல்லாம கிடந்துச்சு. பார்க்கவே பாவமா இருந்துச்சு. பத்தொம்பது வருஷமா ஒரு நாள் விடாம ஒரு துளி. லீவு போட்டதில்லே. இப்பப் பாரு, உன் முகம் தெரியுது."

அவள் முகம் தெரிந்தது. வாய் பிளந்திருந்தது.

விதிப்புத்தகம் முகப்பில் ஒரு மேசையில் பூவேலை செய்த துணியின் மேல் கிடந்தது. எல்லோரும் அதைக் கும்பிட்டுவிட்டுப் போவார்களே தவிர யாரும் திறப்பதில்லை. அவள் திறந்தாள். முதல் பக்கத்தில் முதல் வரி: 'தரப் பந்து உலர்ந்த சுண்ணாம்புபோல் மினுமினுப்பு அற்றதாக இருக்கும்.'

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வருஷத்து ரொட்டிக்கும் யானைக்கும் பாலைவனத்துக்கும் காரணம் ஒரு நல்ல மனிதரின் பழந்துணி. பந்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இதை இயக்குநரிடம் சொல்லிவிட்டால் எல்லாம் பஞ்சாகப் பறந்துவிடும் என்று அவள் நம்பினாள். ஆணையத்துக்குள் நின்றுகொண்டே அப்படி நம்பினாள் என்பதை நாம் மன்னித்துவிட வேண்டும்.

இயக்குநர் பேச்சுக்குப் பேர்போனவர். மின்சாரம் போனாலும் அதைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசுவார். அவருக்கு இல்லாத கருத்தே கிடையாது என்று ஊழியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவள் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ சின்னப் பொண்ணு. உண்மையை வீட்டுல, தெருவுல பார்த்திருப்பே. அது பயிற்சி இல்லாத உண்மைம்மா. அதை அது பாட்டுக்கு விட்டா கண்டபடி இருக்கும். நேத்து மாதிரி இன்னைக்கு இருக்காது. அதை ஒழுங்குபடுத்தத்தான் நானூறு பேர் இங்கே சம்பளம் வாங்கறோம்."

"பந்து மாறிப்போச்சுங்க சார்."

"பந்து மாறுச்சா, புத்தகம் பின்தங்கிடுச்சா? நீ நிதானமா யோசி. இந்தப் பந்தை வெச்சு இதுவரைக்கும் ரெண்டு லட்சம் படத்துக்கு முத்திரை போட்டிருக்கோம். பந்து தப்புன்னா ரெண்டு லட்சம் தப்பு. புத்தகம் தப்புன்னா ஒரு பக்கம் தப்பு. எதைத் திருத்தறது சுலபம்?"

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே முதல் பக்கம் கிழிக்கப்பட்டது. பந்துக் காவலருக்குத் தர வளர்ச்சி அலுவலர் என்று பதவி உயர்வு கிடைத்தது. இனி இரண்டு துளி விடலாம் என்று அவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தார்கள். பாவம், அவர் ஆனந்தத்தில் அழுதுவிட்டார். நிழல்காரிக்கும் ஒரு கடிதம் வந்தது. ஆணையத்தின் பந்தைச் சந்தேகித்தது வரலாற்றில் முதல் முறை என்பதால், நேரடி ஒப்பீட்டு விசாரணை நடக்கும். ஐந்து உறுப்பினர் குழு முன்னிலையில், உண்மையான ஒரு பச்சைக் குழந்தையைப் பந்தோடு ஒப்பிட்டு, பந்தே சரி என்று நிரூபிக்கப்படும். அதோடு அவள் படத்தின் கதையும் முடிக்கப்படும். நாள்: வகுப்புக்கு முந்தின நாள்.

"நிஜக் குழந்தையையா? எந்தத் தாய் இதுக்குக் குடுப்பா?" என்றாள் அக்கா. அவளும் விடுப்புப் போட்டுவிட்டு உடன் கிளம்பினாள்.

குழந்தை இயக்குநர் வீட்டிலிருந்தே வந்தது. அவருடைய மகளுக்குப் பிறந்து ஐந்து நாளான பேரன். கூடத்தின் முன்வரிசையில் அந்த மகள் துணிச்சுருளை அணைத்தபடி கசங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். மேசையில் பந்து. பந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெத்தை. சபை நிறைந்திருந்தது. எல்லார் முகமும் இடது மேல்பக்க விளக்கில் பளபளத்தது.

குழந்தையை வாங்கி மெத்தையில் கிடத்தினார்கள். அது கண் திறக்கவில்லை.

"அப்பா, நேத்து ராத்திரியில இருந்து அவன் சரியாப் பாலே குடிக்கலைப்பா" என்றாள் மகள் மெல்ல. "எழுப்பினாலும் தூங்கிடறான்."

"பாருங்க!" என்று இயக்குநர் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். "அஞ்சு நாள் வயசு. அழுகை இல்லை, அசைவு இல்லை. மாதிரிப் பொருள் எப்படி இருக்கணும்னு விதி சொல்லுதோ அப்படியே இருக்கான். நம்ம ரத்தம்."

கைதட்டல் எழுந்தது. பளபளப்பு அலுவலர் குழாயை வைத்துப் பார்த்தார். ஒரு கண், மறு கண். அவர் நெற்றியில் எண்ணெயோடு வியர்வையும் சேர்ந்தது.

"ஐயா... முப்பத்தெட்டுப் புள்ளி கம்மி."

நிழல்காரி நாற்காலி நுனிக்கு வந்தாள். அவள் படத்துக்கு நாற்பது. நிஜக் குழந்தைக்கு முப்பத்தெட்டு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இயக்குநர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "மாதிரி இன்னும் தயார் நிலைக்கு வரலை" என்றார். "தர வளர்ச்சி அலுவலர் எங்கே?"

பந்துக் காவலர் புட்டியோடு முன்னால் வந்தார். பெற்றவளைப் பார்த்து, "ஒண்ணும் ஆகாதும்மா, நல்ல எண்ணெய்தான்" என்று சொல்லிவிட்டு, பந்துக்குத் தேய்க்கும் அதே பக்குவத்தில் குழந்தையின் நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் தடவினார். அலுவலர் மறுபடி பார்த்தார். சரிக்குச் சரி. ஐந்து உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். குழந்தை உண்மையைப் போலவே இருப்பதாக ஒருமனதாக முடிவானது. இயக்குநர் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி, குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் ஓங்கிக் குத்தினார். குழந்தை அதற்கும் அழவில்லை.

பிறகு நிழல்காரியின் படத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார்.

"அன்பார்ந்தவர்களே! இந்தப் பொண்ணு எட்டு மாசம் உழைச்சிருக்கா. எதுக்கு? ஒரு குழந்தை எப்படி இருக்குமோ அப்படியே காட்டறதுக்கு! நாட்டுல எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா என்ன ஆகும்? கண்ணால பார்த்தாலே போதும்னு ஆயிடும். அப்புறம் நாம எதுக்கு?"

அக்கா பேச்சைக் கேட்கவில்லை. அவள் கண் மெத்தையிலேயே இருந்தது.

"ஏய். அந்தக் குழந்தையோட கையைப் பாரு."

"என்னக்கா?"

"தொங்குது. துணி மாதிரி."

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். வரிசையைத் தாண்டி நேராகப் பெற்றவளிடம் போனாள். "நான் பிரசவ வார்டு செவிலிம்மா. ஒரு நிமிஷம் வெளிச்சத்துல பார்க்கட்டுமா?" அந்தப் பெண் அப்பாவைப் பார்க்கவில்லை. அவளே எழுந்து மேசையிலிருந்து குழந்தையை எடுத்துக் கொடுத்தாள். கூடத்துக் கதவு தெருவைப் பார்த்தது. அக்கா அதைத் தோளால் தள்ளிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள்.

"முத்திரை குத்தின பொருளை வெளியில எடுத்துட்டுப் போறதுக்குப் படிவம் இருக்கு!" என்று முகப்பு எழுத்தர் பின்னாலேயே ஓடி வந்தார்.

வெளியே நல்ல பகல். அக்கா படியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் குழந்தையின் முகத்து எண்ணெயை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். கட்டைவிரலால் மூக்கை அழுத்தி எடுத்தாள். பக்கத்தில் குனிந்து நின்ற நிழல்காரி பார்த்தாள். சிவப்பு விலகியது. அடியில் மஞ்சள் கிடந்தது. ரத்தம் மெதுவாகத் திரும்பி வந்தது. எட்டு மாதமாக இந்த ஒரு நொடிக்குத்தான் கணக்குப் போட்டிருந்தாள். தன் கணக்கில் மஞ்சள் கொஞ்சம் குறைவு என்று அவளுக்குத் தோன்றியது. இந்த நேரத்தில் அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அக்கா துணியைப் பிரித்து நெஞ்சில் அழுத்தினாள், வயிற்றில் அழுத்தினாள், தொடையில் அழுத்தினாள்.

"கீழ வரைக்கும் வந்திருக்கு" என்றாள். "மஞ்சள் காமாலை. பயப்படாதேம்மா, சரியாகற நோய்தான். ஆனா இப்பவே கிளம்பணும். வீட்டுக்குப் போயிட்டு இல்லே. இப்பவே."

பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதற்குள் இயக்குநர் முத்திரைக் கட்டையோடு படிக்கு வந்துவிட்டார். சபை முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்தது. "ஆணையம் ஒருமனதாச் சான்று குடுத்த பிறகு தனிநபர் யாரும் அபிப்பிராயம் சொல்றதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் அக்கா, ராத்திரி டூட்டியில் கதவை மறித்து நிற்கும் உறவுக்காரர்களிடம் பேசுகிற குரலில். "குனிங்க. உங்க விரலால அழுத்துங்க. நெத்தியில. மெதுவா. இப்ப எடுங்க."

அவர் அழுத்தினார். எடுத்தார். பேரனின் நெற்றியில் அவருடைய விரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு வட்டம் நின்றது. அவர் இன்னொரு முறை, கன்னத்தில், தானாகவே அழுத்தி எடுத்தார்.

பின்னால் எல்லோரும் காத்திருந்தார்கள். இதற்கும் ஒரு விளக்கம் வரும் என்று அவர்களுக்கு நிச்சயம். ஒரு உறுப்பினர் கைதட்டத் தயாராக இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தார். எழுத்தர் பதிவேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, அந்தப் பொண்ணோட படத்துக்கு என்ன போடட்டும்? நிராகரிப்புன்னு எழுதிடவா?"

இயக்குநர் குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். கையில் முத்திரைக் கட்டை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்ற நிழல்காரியின் உள்ளங்கையில் அதைத் திணித்தார். அதன் அடியில் மை இன்னும் காயவில்லை.

"ஐயா, எழுதிடவா?" என்றார் எழுத்தர் மறுபடியும்.

இயக்குநர் பேரனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மகள் பின்தொடர, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாக, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்.